மூன்று கம்ப்யூட்டரும் சேர்ந்து முடித்த வேலை

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் செபமாலையின் மகள் பெற்றீசியா. அட்டனில் தட்டச்சுப் படித்துவிட்டு, அங்கேயே தேயிலை நோய்களைக் கவனிக்கும் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். மூன்று கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கிய நாளிலிருந்து அவளுக்கு வேறு பேச்சே இல்லை.

எண்பத்தேழாம் ஆண்டு, பெருமழை தொடங்குவதற்கு முன்பு, தேயிலைக் கொழுந்தைக் கெடுக்கும் கொப்புள நோய் எங்கே முதலில் தலைகாட்டும் என்று தோட்டங்கள் கேட்டன. முந்திய வருடங்களின் நோய்ப் பதிவுகளைத் தோட்டம் தோட்டமாகப் பிரித்து மூன்று கம்ப்யூட்டருக்கும் கொடுத்தார்கள். மத்தியானத்துக்குள், கூட வேலைசெய்யும் டோரீனின் கம்ப்யூட்டர் முடித்துவிட்டது. புரோகிராம் எழுதிய லியனார்டின் கம்ப்யூட்டரும் முடித்துவிட்டது. பெற்றீசியாவுடையது மட்டும் மறுநாளும் ஓடிக்கொண்டிருந்தது.

"பெரிய தோட்டம் ஒங்கிட்ட மாட்டிக்கிச்சு," என்றார் லியனார்ட்.

"அப்ப தோட்டத்த விட்டுருவோம் சேர். தேயிலை மலையத் துண்டு துண்டாப் பிரிச்சு நம்பர் போட்டிருக்குல்ல? கடைசி இலக்கத்த வச்சுப் பிரிப்போம்!"

பிரித்தார்கள். ஏழு, எட்டு, ஒன்பதில் முடிவதெல்லாம் லியனார்டுக்கு. அவர் கம்ப்யூட்டருக்கு ஏறக்குறைய ஒன்றுமே வரவில்லை. இடையில் புதுத் துண்டு சேர்க்க வசதியாக, ஐந்து ஐந்தாகத் தாண்டித்தான் தோட்டங்களில் நம்பர் போட்டிருந்தார்கள். அநேகமாக எல்லாம் பூச்சியத்திலும் ஐந்திலும் முடிந்தன.

டோரீனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பெற்றீசியா தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு சட்டென எழுந்தாள்.

"சீட்டு வெளாட்டுல சீட்டு போடயில நம்பரு பாத்தா போடுறோம்? ஆளுக்கு ஒண்ணா வரிசையாப் போட்டுக்கிட்டே போறோம்ல? அப்புடிப் போடுவோம்!"

"பொறகு ஒரு துண்டத் தேடணும்னா எந்த மெஷின்னு எப்புடித் தெரியும்?"

"மூணுலயும் ஒரே நேரத்துல கேப்போம் சேர். எதுல இருக்கோ அது சொல்லட்டும்!"

லியனார்ட் உட்காராமலே புரோகிராமைத் திருத்த ஆரம்பித்தார். பெற்றீசியாவும் டோரீனும் பதிவுகளை மாற்றி மாற்றி மூன்று பிளாப்பிகளில் ஏற்றினார்கள். மறுநாள் காலையில் மூன்றையும் ஒன்றாக ஓடவிட்டார்கள். யாரும் தேநீர் குடிக்கக்கூடப் போகவில்லை. டோரீனின் கம்ப்யூட்டர் 'பீப்' என்றது. அவள் திரும்புவதற்குள் லியனார்டுடையது. அடுத்த மூச்சில் பெற்றீசியாவுடையது.

"முடிஞ்சிருச்சு! மூணும் முடிஞ்சிருச்சு!" என்று கத்தியபடி டோரீனைக் கட்டிக்கொண்டு சுழன்றாள். நாற்காலி சாய்ந்தது. மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை.

மூன்று விடைகளையும் கூட்டிப் பார்த்தார்கள். நீர்த்தேக்கத்தைப் பார்த்த நிழற்சரிவுகளில்தான் நோய் முதலில் பிடிக்கும் என்று தெரிந்தது. அன்றே தோட்டங்களுக்கு போன் போயிற்று. மழைக்கு முன்பே அந்தச் சரிவுகளில் மருந்தடித்தார்கள். அந்தப் பருவத்தில் கொழுந்து பெரிதாகக் கெடவில்லை.

அடுத்த வருடம் நான்காவது கம்ப்யூட்டர் வந்தது. பெட்டியைப் பிரிக்கும் முன்பே பெற்றீசியா கேட்டாள்: "சேர், இப்ப நாலு பேருக்குச் சீட்டு போடணும். இன்னைக்கே ஆரம்பிப்பமா?"