திரும்பாத பிள்ளையும் மன்னிக்காத அம்மாவும்

எங்கள் அன்பு அம்மா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மகளாகிய என் வணக்கம். மறைந்தவர்களைப் பொறுமையின் சிகரம் என்றும் சாந்தமே உருவானவர் என்றும் எழுதுவது வழக்கம். எங்கள் அம்மாவைப் பற்றி அப்படி எழுதினால் அவரைத் தெரிந்தவர்கள் சிரித்துவிடுவார்கள். ஆகவே அவர் இருந்தபடியே எழுதுகிறேன்.

அம்மா ராகலைக்கு அருகில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், பெண் பிள்ளைகள் நிறைந்த வீட்டில் நடுப்பிள்ளையாகப் பிறந்தார். படிப்பில் கெட்டிக்காரி. தாத்தா மலையில் சறுக்கி விழுந்து இடுப்பொடிந்து படுத்தபோது, பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கொழுந்துக் கூடையை எடுத்துக்கொண்டார். பின்பு தலவாக்கலைப் பக்கம் இன்னொரு தோட்டத்தில், லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடொன்றுக்கு, அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். அப்பாவுக்குக் கொழும்பில் புடவைக் கடையில் வேலை. தீபாவளிக்கும் சித்திரை வருடப் பிறப்புக்கும்தான் வீட்டுக்கு வருவார். மற்ற நாட்களில் எங்கள் வீட்டுக்கும் பெரியவர் அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா. தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவரும் அவரே. அவர் சொன்னால்தான் தோட்டத்து லொறி நகரும் என்றிருந்த காலம் அது.

எனக்கு முன்னால் ஓர் அண்ணன் இருந்தான். இது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் பேசுவதில்லை.

அம்மா அவனை வயிற்றில் சுமந்து மாதம் நிறைந்துவரும் நேரத்தில், தோட்டத்து கிளினிக்கில் பிரசவம் பார்க்கும் மருத்துவமாது வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "தலை மேல இருக்கும்மா. புள்ள உட்கார்ந்த மாதிரி இருக்கு. இனி தானா திரும்புறது சந்தேகம். பெரிய ஆஸ்பத்திரியில டாக்டர் வெளியே இருந்தே வயித்தப் புடிச்சுத் திருப்பிப் பார்ப்பாரு. திரும்பலன்னா சீசர் பண்ணி எடுப்பாங்க. எதுன்னாலும் அங்கதான் நடக்கணும். லயத்துல வச்சு வலி வந்துறக் கூடாது. திங்கக்கிழமை கட்டாயம் போயிருங்க."

அம்மா போய்ப் பெரியப்பாவிடம் விஷயத்தைச் சொல்லி லொறி கேட்டார்.

"நம்ம வீட்டுப் பொம்பள வயித்த எவனோ ஒரு ஆம்பள புடிச்சுத் திருப்புறதா? நான் தோட்டத்துல தல நிமிந்து நடக்க வேணாமா? எங்கம்மா எங்க எல்லாரையும் லயத்துலதான் பெத்தாங்க."

"திருப்ப வேணாங்க. சீசராவது பண்ணட்டும். கிளினிக் மிஸ் பயப்படுறாங்க."

"வயித்தக் கிழிச்சுட்டு வந்தா அப்புறம் யாரு கொழுந்து எடுக்கிறது? போ, போய் வேலயப் பாரு."

திங்கட்கிழமை போய்விட்டது. அந்த வாரமே ஒரு காலையில் அம்மாவுக்கு வலி வந்தது. பெரியப்பா அன்று ஹட்டனில் நடந்த கூட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு லொறியோடு போயிருந்தார். பிள்ளையின் கால்கள் முதலில் வந்தன. உடம்பும் வந்தது. தலை சிக்கிக்கொண்டது. தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்கிலிருந்து மருத்துவமாது ஓடிவந்து பிள்ளையை வெளியே எடுத்தபோது அதற்கு மூச்சில்லை. அப்பா கொழும்பிலிருந்து வந்து சேருமுன் தேயிலை மலை ஓரத்தில் அடக்கமும் முடிந்துவிட்டது.

சாயங்காலம் பெரியப்பா வந்து வாசலில் நின்றார். "எல்லாம் விதி. அடுத்தது நல்லபடியாப் பொறக்கும்" என்றார்.

"தப்புப் பண்ணிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஒருவேள விட்டிருப்பேன். விதின்னு சொன்னாரு பாரு, அதுக்குத்தான் விடல" என்று அம்மா என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அதன் பிறகு அம்மா பெரியப்பாவை முறை சொல்லி அழைத்ததே இல்லை. அவர் வீட்டில் தண்ணீர் குடித்ததில்லை. நான் பிறக்க இருந்தபோது யாரிடமும் லொறி கேட்கவில்லை. நாள் நெருங்குமுன்பே மூட்டையைக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலிருந்த தன் அக்கா வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். நான் ஒழுங்காகத் தலை கீழாகவே வந்து பிறந்தேனாம்.

அம்மாவிடம் பணமில்லை, ஆள்பலமில்லை. வாய் இருந்தது. கொழுந்து நிறுக்கும் இடத்திலும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையிலும் அவர் அதைச் சொல்லாத நாளில்லை. கோயில் கூட்டத்தில் பெரியப்பா பேச எழுந்தால், "புள்ளக்கி லொறி குடுக்காதவரு பேசுறாரு, எல்லாரும் கேளுங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். அது எங்கள் அம்மா. சங்கத் தலைவர் தெரிவு வந்தபோது லயம் லயமாக ஏறி இறங்கினார். "நாளைக்கு ஒங்க மகளுக்கு வலி வந்தா லொறி இங்க நிக்கணுமா, ஹட்டன்ல நிக்கணுமா?" என்ற ஒரே கேள்விதான். பெண்கள் யோசித்தார்கள். பெரியப்பா தோற்றார். அன்று அம்மா பாயாசம் காய்ச்சி லயம் முழுக்கக் கொடுத்தார். பெரியப்பா வீட்டுக்கும் ஒரு செம்பு போயிற்று. கொண்டுபோனவள் நான்தான்.

அப்பா காலமான பிறகும் அம்மாவின் வைராக்கியம் குறையவில்லை. அவர் உடல்நலம் குன்றத் தொடங்கிய சமயத்தில்தான் அடுத்தது நடந்தது. பெரியப்பாவின் கடைசி மகள், எனக்குத் தங்கை முறை, பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்திருந்தாள். கணவர் கட்டாரில். ஸ்கேனில் பிள்ளை தலை மேலாக உட்கார்ந்திருந்தது. ஒரு நாள் மத்தியானம் அவள் அம்மாவுக்கு அழைத்தாள்.

"சின்னம்மா, டாக்டர் திருப்பிப் பாப்போம், நாளைக்கு வாங்கன்னு சொல்லியிருக்காரு. அப்பா போகக் கூடாதுங்கிறாரு. எனக்குப் பயமா இருக்கு சின்னம்மா."

அம்மா போனை வைத்ததும் மறுநாளைக்கு ஆட்டோ சொல்லிவைத்தார். மறுநாள் காலையில் ஆட்டோவில் நானும் கூடப் போனேன். அத்தனை வருடங்களுக்குப் பிறகு அந்த வாசலில் அம்மா கால் வைப்பதைப் பார்த்துப் பெரியப்பா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"எதுக்கு வந்த?"

"ஒங்க மகளக் கூட்டிட்டுப் போக."

"அம்மனுக்கு நேந்திருக்கோம். இடுப்புக்குத் தலகாணி வச்சுப் படுத்தாலே திரும்பிருமாம். நீ ஒன் வேலயப் பாரு."

"எம் புள்ளய ஒங்க வறட்டு கௌரவத்துக்குக் குடுத்தேன். இந்தப் புள்ளயக் குடுக்க மாட்டேன். பாசத்துல வந்திருக்கேன்னு நெனச்சுறாதீங்க. நீங்க வேணாம்னு சொன்னதச் செஞ்சு, அது பொழச்சு, தெனமும் ஒங்க கண்ணு முன்னால நடக்கணும். அதப் பாக்கத்தான் வந்தேன்."

தங்கை பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து ஆட்டோவில் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நிதானமாக விளங்கப்படுத்தினார். இடுப்பை உயர்த்திப் படுப்பதால் கெடுதல் இல்லை, ஆனால் அதை நம்பிக் காத்திருக்க முடியாது. கையால் திருப்பிப் பார்க்கலாம். திரும்பினால் சாதாரணப் பிரசவத்துக்கு வழி உண்டு. திரும்பாவிட்டால் சீசர். கால் பக்கமாகவே பெறுவதும் சிலருக்கு முடியும், அதற்குப் பழகிய கைகள் பக்கத்தில் இருக்க வேண்டும். "உங்களுக்கு எது விருப்பம்?" என்று அவர் தங்கையிடம்தான் கேட்டார். திருப்பிப் பார்ப்போம் என்றாள்.

ஸ்கேன் பார்த்து, பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்டு, கருப்பை இளகுவதற்கு ஊசி போட்டார்கள். டாக்டர் ஒரு கையைப் பிள்ளையின் தலைப்பக்கமும் மறு கையைக் கீழேயும் வைத்து மெதுவாக அழுத்தித் தள்ளினார். வயிறு ஒரு பக்கமாகப் புடைத்தது. பிள்ளை குறுக்கே வந்துவிட்டதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். அம்மா தங்கையின் கையைப் பிடித்தபடி நின்றார். பிறகு பிள்ளை வழுக்கிக்கொண்டு பழைய இடத்துக்கே போய்விட்டது. இன்னொரு முறை முயன்றார். துடிப்பு கொஞ்சம் குறைந்ததும் உடனே கையை எடுத்துவிட்டார். "போதும், பிள்ளையைக் கஷ்டப்படுத்த வேண்டாம்" என்றார். சற்று நேரத்தில் துடிப்பு பழையபடி சீரானது. தங்கையை வார்டிலேயே வைத்துக்கொண்டு சீசருக்கு நாள் குறித்தார்கள்.

பெரியப்பா போனில் வந்தார். "பாத்தியா, திரும்பல. நான் அப்பவே சொன்னேன்."

"திரும்பலன்னா என்ன? ஒங்க மக ஆஸ்பத்திரிக் கட்டில்ல இருக்கா, லயத்துல இல்ல" என்று சொல்லி அம்மா போனை வைத்துவிட்டார்.

பெண் குழந்தை பிறந்தது. வார்டு வாசலில் அம்மா அவளைத் துணியில் சுற்றி ஏந்திக்கொண்டு நின்றபோது பெரியப்பா வந்து இரண்டு கைகளையும் நீட்டினார். அம்மா அந்தக் கைகளைப் பார்த்தார். பின்பு அவரைத் தாண்டிப் போய்ப் பின்னால் நின்ற பெரியம்மாவிடம் குழந்தையைக் கொடுத்தார். "இவர் கையில குடுத்துறாதீங்க" என்றார். அன்றைக்கு வீடு திரும்பும் வழியெல்லாம் ஆட்டோவில் அழுதுகொண்டே வந்தார். எந்தப் பிள்ளைக்காக என்று நான் கேட்கவில்லை.

அம்மா படுக்கையில் விழுந்த பிறகு பெரியப்பா ஒருமுறை பார்க்க வந்தார். "பழசெல்லாம் எப்பவோ முடிஞ்சது. மறந்துரு" என்றார். அப்போதும் தப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. அம்மா சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் போன பிறகு என்னை அருகில் அழைத்து, "அந்தக் கை அரிசி என் வாய்க்கு வேணாம்" என்றார்.

இறுதிச் சடங்கன்று வாய்க்கரிசி போட வரிசையில் வந்த பெரியப்பாவின் கையை எல்லோர் முன்னிலையிலும் நான் பிடித்துத் தடுத்ததை உங்களில் பலர் பார்த்தீர்கள். பெரிய மனிதரை அவமதித்துவிட்டாள், படித்த பெண்ணுக்கு இது அழகா என்று பேசிக்கொண்டீர்கள். உங்களுக்கான பதில்தான் இக்கட்டுரை. மன்னிப்பது பெரிய குணம் என்கிறார்கள். மன்னிப்புக் கேட்பது அதற்கு முந்திய குணம். கேட்கப்படாத அந்த மன்னிப்பின் கணக்கை அம்மா கடைசிவரை மூடவில்லை. நானும் அதை மூடப்போவதில்லை.

அம்மாவின் கடைசி நாட்களில் இரவு பகல் பாராமல் துணை நின்ற லயத்துச் சகோதரிகளுக்கும், அழைத்தபோதெல்லாம் வந்த ஆட்டோக்காரத் தம்பிக்கும், ஆஸ்பத்திரி மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், பாடை சுமந்த தோட்டத்து இளைஞர்களுக்கும், தள்ளாத வயதிலும் இறுதி மரியாதை செலுத்த வந்த அந்தப் பழைய மருத்துவமாதுவுக்கும் எங்கள் குடும்பத்தின் நெஞ்சார்ந்த நன்றி.

பெரியப்பாவுக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறோம். அவருக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. தங்கைதான் மகளை மடியில் வைத்துக்கொண்டு வாசித்துக் காட்டுவாள். ஒரு வரியும் விடாமல் வாசிப்பதாக எனக்குச் சொல்லியிருக்கிறாள்.