நடுவில் குழி விழுந்த மெத்தை

போன மாதம் மெத்தை வாங்கலாம் என்று போனில் ஒரு கடையைத் திறந்தேன். முதல் கேள்வியே, நீங்கள் எப்படித் தூங்குவீர்கள் என்பதுதான். மல்லாந்தா, ஒருக்களித்தா, குப்புறவா? ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த பக்கம் வருமாம். கூடுவாஞ்சேரியில் தனியாகக் குடியிருக்கும் ஒருத்தி இதற்கு யாரைப் போய்க் கேட்பாள்? பக்கத்தில் படுத்திருப்பவர் பார்த்துச் சொல்ல வேண்டிய சங்கதி அது. போனை மூடி வைத்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் அப்படிப் பார்த்துச் சொல்லும் உத்தியோகத்தை ஒரு காலத்தில் நான்தான் வகித்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. கேளம்பாக்கத்தில் இரண்டாவது மாடியில் வீடு. அப்பாவுக்குக் கல்பாக்கத்தில் ஆராய்ச்சி வேலை, அம்மாவுக்குச் சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை. கட்டிலில் கிடந்தது, அம்மாவின் கல்யாணச் சீரோடு வந்த இலவம்பஞ்சு மெத்தை. படுத்துப் படுத்து அதன் நடுவில் குழி விழுந்திருந்தது. அந்தக் குழிதான் என் இடம். ஆளுக்கொரு ஓரமாகப் படுப்பவர்கள், விடிவதற்குள் சரிந்து என் பக்கம் வந்திருப்பார்கள். ஒரு பக்கம் அப்பாவின் முழங்கை, இன்னொரு பக்கம் அம்மாவின் முதுகு. அதைவிடச் சொகுசான இடம் உலகத்தில் உண்டென்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

அவர்களுக்கு அது சொகுசாக இல்லை. காலையில் காபியோடு சண்டையும் வந்துவிடும். முதுகு வலிக்கிறது என்பார் அப்பா. "எங்க வீட்டுலேருந்து வந்ததுன்னா உங்களுக்கு எல்லாமே வலிக்கும்" என்பாள் அம்மா. மெத்தையில் தொடங்கி எங்கெங்கோ போய், அப்புறம் இரண்டு நாள் பேச்சிருக்காது. "அப்பாகிட்ட சொல்லு", "அம்மாகிட்ட சொல்லு" என்று நான்தான் இருவருக்கும் நடுவே தபால் சுமப்பேன். சண்டைக்குக் காரணம் மெத்தை என்று முடிவு கட்டினேன். நல்ல மெத்தை வந்துவிட்டால் வீடு சரியாகிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் மெத்தைக் கடைக்குப் போனோம். கடைக்காரர் எடுத்தவுடன் எதையும் காட்டவில்லை.

"சார் எப்டி படுப்பாரு, மேடம் எப்டி படுப்பாங்க, அத்த சொல்லுங்க முதல்ல. குத்துமதிப்பா வாங்கினு போய்ட்டு அப்பால வந்து பேஜார் பண்ணக்கூடாது."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். "யாரு அதையெல்லாம் கவனிக்கிறா" என்றாள். ஒரு வாரம் பார்த்துவிட்டு வரும்படி கடைக்காரர் அனுப்பிவிட்டார்.

அவர்கள் மறந்துபோனார்கள். நான் மறக்கவில்லை. அவரை விதை முளைப்பதைத் தினமும் பார்த்து எழுதச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் ஒரு நோட்டு கொடுத்திருந்தார்கள். மிச்சமிருந்த பக்கங்களில் கட்டம் போட்டு, தினமும் அலாரம் அடிக்கும் முன்பே எழுந்து இருவரையும் பார்த்து எழுதினேன். அடுத்த ஞாயிறு கடையில் அதைச் சத்தமாகப் படித்தேன்.

"அப்பா ஆறு நாளும் மல்லாந்து. கை மார்பு மேல. அம்மா ஆறு நாளும் ஒருக்களிச்சு, சுவரைப் பார்த்து. அப்பா ஊருக்குப் போன வெள்ளிக்கிழமை மட்டும் குப்புற, கை கால் விரிச்சு, கட்டில் முழுக்க. குறட்டை உண்டு."

கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "பாப்பா பெரிய ஆளா கீதே." அப்பாவும் அம்மாவும் சிரிக்கவில்லை. அம்மா ஒரு தலையணையை எடுத்து அதன் தையலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மல்லாந்து படுப்பவருக்குக் கெட்டியான தேங்காய்நார் மெத்தை வேண்டும், ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோள் அமுங்குகிற மாதிரி மெத்தென்று இருக்க வேண்டும், ஒரே மெத்தையில் இரண்டும் வராது என்றார் கடைக்காரர். அப்பா கெட்டியான ஒன்றின் மேல் கை வைத்தார். அம்மா மெத்தென்ற ஒன்றில் உட்கார்ந்தாள். கடையிலேயே ஆரம்பித்துவிடப் போகிறார்களே என்று ஓடிப்போய் இருவருக்கும் நடுவில் நின்றேன்.

"ஆளுக்கு ஒண்ணா ரெண்டு சின்ன மெத்தை வாங்கி ஒட்டிப் போட்டா என்ன?" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்றார் அப்பா. "சரி" என்றாள் அம்மா. அந்த வருஷம் இருவரும் சேர்ந்து ஒப்புக்கொண்ட ஒரே விஷயம் அதுவாகத்தான் இருக்கும். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மெத்தைகள் வந்தன. பழையதை வாட்ச்மேன் எடுத்துக்கொண்டார். அதன் பிறகு யாரும் யார் பக்கமும் சரியவில்லை. ஒரு மெத்தை உயரம், மற்றது தணிவு, நடுவில் இடுக்கு. அந்த இடுக்கில்தான் நான் படுத்தேன். முதுகில் அழுத்தியது. யோசனை என்னுடையது என்பதால் வாயைத் திறக்கவில்லை. ஆனால் காலைச் சண்டை உண்மையிலேயே நின்றுபோனது. காபி மட்டும் வந்தது. மெத்தை வேலை செய்கிறது என்று நோட்டில் எழுதி வைத்தேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை, வாசலில் சாமான் ஏற்றும் குட்டியானை வண்டி ஒன்று வந்து நின்றது. அப்பாவுக்குச் செங்கல்பட்டில் வீடு பார்த்திருக்கிறது, ஆபீஸ் பஸ்ஸுக்கு அங்கிருந்து வசதி என்று எனக்குச் சொன்னார்கள். நார் மெத்தையின் ஒரு முனையை அப்பாவும் மறுமுனையை டிரைவரும் பிடித்துப் படியிறங்கினார்கள். நான் முன்னால் ஓடினேன்.

"அண்ணா, மடக்காதீங்க. அது அப்பாவுக்குன்னே பார்த்து வாங்கினது. மல்லாந்து படுக்கிறவங்களுக்கு."

"அப்டியா பாப்பா. பத்திரமா எட்த்துகினு போறேன்."

அப்பா அந்தப் பக்கம் திரும்பி, கட்டிய கயிற்றையே மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். அம்மா மாடியிலிருந்து இறங்கவில்லை.

மறுநாள் காலை வழக்கம்போல அலாரத்துக்கு முன்பே விழித்து நோட்டை எடுத்தேன். கட்டிலில் பாதி வெறும் பலகை. அப்பா இல்லாததால் அம்மா கை கால் விரித்துக் குப்புறப் படுத்திருப்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் ஒருக்களித்து, சுவரைப் பார்த்து, மெத்தையின் அதே ஓரத்தில் படுத்திருந்தாள். கண் திறந்திருந்தது. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல், தேதியை மட்டும் போட்டு நோட்டை மூடினேன்.