இரண்டாவது பந்தி

பிரேமிளாவுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த வேலை தள்ளுவண்டி தள்ளுவதும் படுக்கை விரிப்பு மாற்றுவதும்தான். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவள். எட்டாம் ஆண்டுவரை சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்ததால் சிங்களம் பேசவும் வரும், வாசிக்கவும் வரும். கண்டிக்குப் பக்கத்திலிருந்த அந்த அரசாங்க ஆஸ்பத்திரியின் பிரசவ வாட்டில் தமிழ் தெரிந்த டொக்டரோ தாதி மிஸ்ஸோ இல்லை. தோட்டத்துப் பெண் யாராவது வந்துவிட்டால், "பிரேமிளா, இங்கே வா" என்று கூப்பிடுவார்கள். அவளும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடுவாள்.

இந்த வேலைக்கு வருமுன், இரண்டாவது பிள்ளை பிறந்த அன்று, வேறோர் ஆஸ்பத்திரியில் அவளும் வலியில் வாசிக்காமலே ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். இனிப் பிள்ளை பிறக்காதபடி அன்றைக்கே ஒபரேஷன் செய்துவிட்டார்கள் என்பது மூன்று வருஷம் கழித்து கிளினிக் அட்டையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மூன்றாவது வேண்டும் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்ற ஆற்றாமை போகவில்லை. இதை அவள் யாரிடமும் சொன்னதுமில்லை.

போன வருஷம் ஐப்பசியில், மழை பிடித்த ஒரு முற்பகலில், புசல்லாவையிலிருந்து கலாராணி என்பவளைக் கொண்டுவந்தார்கள். கொழுந்து பறிக்கிறவள். வயது முப்பத்தொன்று, இது நாலாவது பிள்ளை. பத்தரை மணிக்குப் பன்னீர்க்குடம் உடைந்தது. பிள்ளை உள்ளேயே மலம் கழித்திருந்ததால் தண்ணீர் பச்சையாக இருந்தது. வயிற்றில் கட்டியிருந்த மெஷினில் குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கி இறங்கி ஏறியது.

"உடனே ஒபரேஷன் தியேட்டருக்கு" என்றார் இளம் டொக்டர். வாட்டு சிஸ்டர் ஒரு தாளைப் பிரேமிளாவின் கையில் திணித்தார்.

"புருஷன் வெளியே கையெழுத்துப் போட்டாயிற்று. இவளிடமும் வாங்கு, சீக்கிரம்!"

சிங்களத்தில் அச்சடித்த தாள். முதல் பந்தி, வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுப்பது பற்றியது. இரண்டாவது பந்தி, அதோடு சேர்த்துக் கருக்குழாயைக் கட்டிவிடுவது பற்றியது. அதற்கு நேரே யாரோ முன்கூட்டியே சரி அடையாளம் போட்டிருந்தார்கள். அதன் கீழே இருளப்பன் என்று கோணல் மாணலாக ஒரு கையெழுத்து.

பிரேமிளா அந்தப் பந்தியை இன்னொரு முறை வாசித்தாள். மெஷினைப் பார்த்தாள். துடிப்பு தொண்ணூற்றைந்துக்கு இறங்கியிருந்தது.

"என்னக்கா எழுதியிருக்கு?" என்று கலாராணி கட்டில் கம்பியைப் பிடித்தபடி கேட்டாள்.

வயிற்றைக் கீற வேண்டும் என்பதை மட்டும் சொன்னால் போதும், அவள் உடனே கையெழுத்துப் போட்டுவிடுவாள். சிஸ்டரும் திட்டமாட்டார். பிரேமிளா தாளைக் கொடுக்கவில்லை. டொக்டரைப் பார்த்துத் திரும்பினாள்.

"டொக்டர், இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. இரண்டாவதை இவளிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லட்டுமா?"

"நாலு பிள்ளை, இன்னும் என்ன சொல்ல இருக்கிறது?" என்று சிஸ்டர் சீறினார். "வண்டி தள்ளுகிற உனக்கு எதற்கு இந்த வேலை? பிள்ளைக்கு ஏதாவது ஆனால் நீதான் பதில் சொல்வாயா?"

பிரேமிளா மறுபடி மெஷினைப் பார்த்தாள். உண்மையிலேயே ஏதாவது ஆகிவிட்டால்? டொக்டர் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தார்.

"சொல்லு. ஆனால் சுருக்கமாக."

அவள் கட்டிலருகே குனிந்தாள். "தங்கச்சி, நல்லா கேட்டுக்கங்க. புள்ளைக்கு மூச்சு கஷ்டமா இருக்கு, ஒபரேஷன் பண்ணி உடனே எடுக்கணும். அது ஒண்ணு. இனிமே புள்ள பொறக்காம குழாயையும் கட்டிடலாமான்னு கேக்குறாங்க. அது வேற. அத நீங்க வேணாம்னாலும் புள்ளைய எடுப்பாங்க."

"அவரு என்ன சொன்னாரு?"

பிரேமிளா தயங்கினாள். "கையெழுத்துப் போட்டிருக்காரு."

வலி ஒன்று வந்து போகும்வரை கலாராணி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "அவரு வயித்தயா கிழிக்கப் போறாங்க? புள்ளைய எடுக்கச் சொல்லுங்க. மத்தது வேணாம். இப்ப வேணாம்."

சொன்னதை அப்படியே பிரேமிளா சிங்களத்தில் சொன்னாள். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. டொக்டர் பேனாவை எடுத்து இரண்டாவது பந்தியைக் குறுக்கே அடித்து, பக்கத்தில் தன் கையெழுத்தை வைத்தார். கலாராணி முதல் பந்தியின் கீழ் பெயரை எழுதினாள். தியேட்டர் கதவுவரை வண்டியைத் தள்ளிப் போன பிரேமிளா, கதவு மூடியபின்னும் வெளியே நின்றாள்.

இருபது நிமிஷத்துக்குள் பிள்ளை பிறந்துவிட்டது. பெண் பிள்ளை. எடுத்தவுடன் அழவில்லை. உள்ளே ஓடும் கால்களின் சத்தம் மட்டும் கேட்டது. பிரேமிளா தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டாள். கடைசியில் பூனைக்குட்டி கத்துவதுபோல் ஒரு குரல் வந்தது.

மறுநாள் மேட்ரன் கூப்பிட்டு, "கடமைக்கு வெளியே தலையிட்டது ஏன்?" என்று எழுத்தில் விளக்கம் கேட்டார். பிரேமிளா நாலு வரி எழுதிக் கொடுத்தாள்: தாளில் என்ன இருக்கிறது என்று நோயாளி கேட்டார், டொக்டரின் அனுமதியோடு சொன்னேன், அவர் சொன்னதை டொக்டரிடம் சொன்னேன், வேலை எதையும் மறுக்கவில்லை. அதற்குப் பதில் வரவில்லை. வெளிநோயாளர் பிரிவுக்கு மாற்றம் மட்டும் வந்தது.

வீட்டுக்குப் போகிற அன்று கலாராணி அவளைத் தேடி அங்கே வந்தாள். பின்னால் பிள்ளையை ஏந்தியபடி, முகத்தைத் திருப்பிக்கொண்டு இருளப்பன் நின்றான்.

"இவரு இன்னும் கோவமா இருக்காருக்கா. பரவால்ல. மூணு மாசம் போகட்டும். கிளினிக் மிஸ்கிட்ட எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு, கட்டுறதா வேணாமான்னு நானே சொல்றேன்."

"கட்டினாலும் சரி, கட்டாட்டியும் சரி" என்றாள் பிரேமிளா. "கேட்டுட்டுச் செய்யுங்க."

அதற்குள் வரிசையில் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியைக் கையால் காட்டிவிட்டு, சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள்.