மூன்று டன் லாரியும் இரண்டு ஷிப்டும்

லாரியின் இடது கதவுதான் எங்கள் கரும்பலகை. ராணுவப் பச்சையின் மேல் சாக்பீஸ் நன்றாக எழுதும். காலை ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும், வீட்டுக்குள் நுழையாமல் நேராகப் பின்பக்கம் போய் அந்தக் கதவைப் படிப்பேன். அதற்குள் என் கணவர் இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்பிப் போயிருப்பார். கதவில் மூன்று தலைப்புகள் இருக்கும்.

முடிந்தது: பின் பிரேக் டிரம் இரண்டும்.
மீதி: ஸ்டீயரிங் பெட்டிக்கு ஆயில்.
கவனம்: சின்ன ஜாக்கி இறங்குகிறது, அதை நம்பி அடியில் போகாதே. ரசத்தில் உப்பு போடவில்லை.

தொழிற்சாலையில் ஒரு ஷிப்டு அடுத்த ஷிப்டிடம் இயந்திரத்தை ஒப்படைக்கும்போது இப்படித்தான் எழுதி வைப்பார்கள். நாங்கள் இருவரும் ஓசூரில் வெவ்வேறு தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிறோம். நான் பிரேக் பாகங்களைச் சோதிக்கும் பிரிவு, அவர் கியர் வெட்டும் பிரிவு. திருமணமான நாளிலிருந்து ஷிப்டு ஒத்துப்போகவில்லை. நான் எழும்போது அவர் தூங்குவார், அவர் வரும்போது நான் தூங்கியிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருவருக்கும் விடுமுறை. மற்ற நாட்களில் எங்கள் பேச்சுவார்த்தையில் பாதி அந்தக் கதவில்தான் நடந்தது.

ஏன் இந்த லாரி என்று எல்லோரும் கேட்டார்கள். எனக்குச் சும்மா உட்கார வராது என்று சொல்லிச் சமாளிப்பேன். அது பாதி பதில்தான். கல்லூரியில் இயந்திரவியல் படித்துவிட்டு வந்து, உள்ளங்கையில் அடங்கும் ஒரே ஒரு பாகத்தை நாளெல்லாம் அளந்துகொண்டிருந்தேன். அவர் ஒரே கியரை வெட்டிக்கொண்டிருந்தார். இருவர் கையாலும் போன பாகங்கள் எத்தனையோ வண்டிகளில் எங்கெங்கோ ஓடின. ஒரு முழு வண்டியின் அடியிலிருந்து நுனி வரை நாங்கள் கை வைத்ததில்லை. கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில், ராணுவம் ஏலத்தில் கழித்துவிட்ட மூன்று டன் லாரி சக்கரமில்லாமல் முட்செடிக்குள் உட்கார்ந்திருந்தது. அதன் முகப்பில் இரண்டு விளக்குக் குழிகளும் காலியாக இருந்தன. நான் அதைச் சுற்றி நடந்து என்னென்ன இல்லை என்று பட்டியல் போட ஆரம்பித்தேன். பட்டியல் முடிவதற்குள் அவர் கடைக்காரரிடம் பேசி முடித்திருந்தார்.

எங்கள் வாடகை வீட்டின் பின்புறம் அகலமானது, ஆனால் வீட்டுக்கு முன்னாலிருந்து அங்கே போக ஸ்கூட்டர் நுழையும் சந்துதான் உண்டு. லாரியைப் பக்கத்துக் காலி மனை வழியாகத்தான் கிரேனில் உள்ளே இறக்கினோம். மனைக்காரர் உத்தனப்பள்ளியில் தக்காளி போடுபவர். வீட்டில் தெலுங்கு, மண்டியில் கன்னடம், எங்களிடம் தமிழ். அவரை அண்ணா என்று கூப்பிடுவேன். மனையைப் பார்க்க வரும்போதெல்லாம் எங்கள் லாரியையும் பார்த்துவிட்டுப் போவார்.

"ஏம்மா, இது ஓடறதுக்கா, கோழி அடைக்கறதுக்கா?"

"ஓடும்ணா. கொஞ்சம் வேலை இருக்குது."

"அதான் போன தீபாவளிக்கும் சொன்ன."

இப்படியே இரண்டு வருடம் போனது. பிறகு ஒருநாள் வந்து கேலி எதுவும் செய்யாமல் நின்றார்.

"பாப்பா, மனைல வீடு கட்டப் போறேன். ஐப்பசி வாஸ்து நாள்ல பூஜை. இன்னும் மூணு வாரம் இருக்குது, திங்கக்கிழமை வருது. அன்னைக்கே கடக்கால் தோண்டிருவாங்க. அதுக்கு மேல உன் வண்டி வெளிய வரணும்னா பறந்துதான் வரணும்."

வேறு இடம் தேடினோம். எங்கள் பகுதியில் காலி மனை எல்லாவற்றிலும் கம்பி வேலியோ கட்டடமோ வந்துவிட்டது. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார்.

"உத்தனப்பள்ளில என் ஷெட்டு இருக்குது, நிறுத்திக்கோ. ஆனா தானா நகர்ற வண்டியா இருக்கணும். தக்காளி கிரேட் வந்து எறங்குறப்ப ஓட்டி வெளிய விடணும். தள்றதுக்கு என்கிட்ட யானை இல்ல."

அதே வாரம் பெங்களூர்ப் பக்கம் ரிசார்ட் நடத்தும் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். யாரோ அவருக்கு லாரியின் படத்தை அனுப்பியிருக்கிறார்கள். "மேடம், இன்ஜின் தேவையில்ல மேடம். எடுத்துட்டு உள்ள மண்ணு ரொப்பி பூச்செடி வெப்போம். செல்ஃபி பாயிண்ட். உங்க பூஜைக்கு முந்தின நாள், ஞாயித்துக்கிழமை சாயங்காலம், என் கிரேன் ஓசூர் வருது. அப்படியே தூக்கிக்கறேன்."

நாங்கள் அதற்குச் சம்மதிக்க வேண்டியதாகிவிட்டது. ஞாயிறு மாலைக்குள் லாரி தன் சொந்த பலத்தில் மனையைத் தாண்டினால் ஷெட்டுக்குப் போகும். இல்லாவிட்டால் பூந்தொட்டி ஆகும்.

அந்த வாரங்களில் எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. தொழிற்சாலையில் பாகத்தைக் கருவியில் வைப்பேன், பச்சை விளக்கு எரியும், எடுப்பேன். மனம் லாரியின் அடியில் மல்லாந்து கிடக்கும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணுவேன்: ரேடியேட்டர் ஓஸ், டீசல் பைப், கிளட்ச் தட்டு, முன் சக்கர பேரிங். எண்ணி முடித்தால் திருப்தி வர வேண்டும். எனக்கோ எதையோ விட்டுவிட்டோம் என்று மீண்டும் முதலிலிருந்து எண்ணத் தோன்றும். வீட்டில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஸ்பானரோடு பின்பக்கம் போய்விடுவேன். "கவனம்: பால் பாத்திரம் இனி இல்லை" என்று ஒருநாள் கதவில் எழுதினேன். "அப்படியென்றால் கடுங்காப்பி" என்று அடியில் பதில் வந்திருந்தது.

எங்கள் இருவருக்கும் இன்னொரு தொழிற்சாலைப் பழக்கம் உண்டு. ஒரு நட்டை முறுக்கி முடித்ததும் அதன் தலையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு புள்ளி வைப்போம். புள்ளி இருந்தால் முறுக்கியாயிற்று, சோதித்தாயிற்று என்று பொருள். அதன்பின் அதை யாரும் தொடக்கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இதை எங்களுக்குள் ஏற்றிவிடுவார்கள்.

கடைசி வாரம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் வந்து பார்த்தால் மழை கதவைச் சுத்தமாகக் கழுவியிருந்தது. மூன்று தலைப்பில் ஒன்றும் இல்லை. அவருக்கு அழைத்தேன், ஷிப்டில் போனை எடுக்க மாட்டார்கள். தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு அடியில் தவழ்ந்து போய் அவர் அன்று என்ன செய்திருக்கிறார் என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். கியர்பாக்ஸிலிருந்து பின் சக்கரத்துக்கு விசையைக் கொண்டுபோகும் நீளமான தண்டு, புரொப்பல்லர் ஷாஃப்ட், ஏறியிருந்தது. அதன் முன்முனையில் நான்கு நட்டு. நான்கிலும் மஞ்சள் புள்ளி. நல்லது என்று வெளியே வந்து, புதிதாக எழுதினேன்: "முடிந்தது: புரொப்பல்லர் ஷாஃப்ட். மீதி: ஹாரன், இன்ஜினை நிறுத்தும் கேபிள், கேபின் விளக்கு."

ஞாயிறு காலை பின் சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி இன்ஜினை இயக்கினோம். முதலில் இருமியது. பிறகு கறுப்பாகக் கக்கிவிட்டு, வீட்டுச் சுவர் அதிர ஓடியது. பின் சக்கரங்கள் காற்றில் சுற்றின. அவர் அருகில் வந்து கத்திக் கத்தி ஏதோ சொன்னார், ஒன்றும் கேட்கவில்லை. நான் தலையை ஆட்டினேன். வெகுநேரம் அப்படியே ஓடவிட்டோம். அதை நிறுத்தவே மனமில்லை. நிறுத்தும் கேபிள் இன்னும் மாட்டாததால், பானெட்டைத் திறந்து டீசல் பம்பின் மேலுள்ள சிறு கொக்கியைக் கையால் இழுத்துத்தான் அணைக்க முடிந்தது.

மதியம் சக்கரங்களைத் தரையில் இறக்கினோம். மனைக்காரர் நான்கு ஆட்களோடு வந்திருந்தார். மறுநாள் பூஜைக்காக மனையில் கயிறு கட்டிச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள்.

"கோட்டை அழிக்காம ஓட்டுப்பா. மேஸ்திரிக்கு மறுபடி போடச் சொன்னா கூலி கேப்பான்."

என் கணவர் ஏறி உட்கார்ந்தார். நான் முன்னால் நின்று கைகாட்டினேன். லாரி ஒரு முறை குலுங்கி நகர்ந்தது. எங்கள் பின்பக்கத்தின் எல்லையைத் தாண்டியது. முன் சக்கரம் மனையில் இறங்கியது. இரண்டு வருடமாக நகராமல் நின்ற ஒன்று என்னை நோக்கி வர, நான் பின்னால் பின்னால் நடந்தேன்.

மனையின் நட்டநடுவில் அடியிலிருந்து ஒரு பெரிய சத்தம் வந்தது. உலக்கை விழுந்த மாதிரி. இன்ஜின் ஓடியது, லாரி நின்றுவிட்டது.

ஷாஃப்டின் முன்முனை கழன்று மண்ணில் குத்திக்கொண்டிருந்தது. போல்ட்டுகள் அடியிலேயே கிடந்தன. நட்டு ஒன்றுகூட இல்லை.

"தேவுடா! நாளைக்கு நடுமனைல பஞ்சலோகம் போடணும்னா, இன்னைக்கே மொத்த லோகத்தையும் கொண்டாந்து போட்டுட்டீங்களே!" என்றார் மனைக்காரர்.

அவர் ஆட்கள் சிரித்தார்கள். என் கணவர் பானெட்டைத் திறந்து இன்ஜினை அணைத்துவிட்டு வந்தார். அவருக்குத் திருநெல்வேலிப் பக்கம். கோபமோ பயமோ வந்தால் அந்தப் பேச்சு முழுசாக வெளியே வரும்.

"ஏளா, நீதானே டைட் வச்சே? முடிஞ்சிட்டுன்னு எழுதியிருந்தியே!"

"நான் எங்க வெச்சேன்? நீங்க புள்ளி வெச்சிருந்தீங்க, அதைப் பார்த்துதான் எழுதினேன்."

"நான் புள்ளியே வைக்கல. கையாலதான் மாட்டினேன். அதுக்குள்ள பஸ்காரன் ஹாரன் அடிச்சிட்டான். மீதின்னு கதவுலகூட எழுதிட்டுத்தான் போனேன்."

அதை மழை கழுவியிருந்தது.

லாரி வந்த தடத்தில் குனிந்து தேடினோம். எங்கள் பின்பக்கத்தில் இரண்டு நட்டும், மனை ஓரத்தில் ஒன்றும் கிடைத்தன. காலையில் சக்கரங்கள் காற்றில் சுற்றும்போதே அவை கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றிருக்க வேண்டும். ஒன்றை எடுத்து மண்ணைத் துடைத்தேன். மஞ்சள் புள்ளி இருந்தது. நகத்தால் சுரண்டினேன். எங்கள் பெயிண்டு என்றால் தோலாக உரியும். இது செதிலாக உடைந்தது. புள்ளியின் ஓரத்தில், அதன்மேல், ராணுவப் பச்சை லேசாக ஏறியிருந்தது.

"இது நம்ம புள்ளி இல்லீங்க. லாரி வர்றப்பவே இருந்தது."

நாங்கள் பிறப்பதற்கு முன்பு ஏதோ ஒரு ராணுவப் பட்டறையில் யாரோ ஒருவர் அதை முறுக்கி, சோதித்து, புள்ளி வைத்திருக்கிறார். என் கணவர் மாட்டுமுன் நட்டுகளை டீசலில் கழுவியும் அது போகவில்லை. அந்தப் பட்டறைக்காரர் தன் வேலையைச் சரியாகவே செய்திருந்தார். அந்த முகம் தெரியாத ஆள் முடித்த வேலையை நாங்கள் ஒருவருக்கொருவர் செய்ததாக எடுத்துக்கொண்டோம். என் கணவர் நட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூணாவது ஷிப்டுக்காரன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்க நேரமில்லை. கைபேசி அடித்தது.

"மேடம், கிரேன் ஓசூர் பைபாஸ் வந்துடுச்சு. வண்டி வெளிய இருக்கா, உள்ள இருக்கா?"

"நடுவுல இருக்குது சார்."

"அப்ப இன்னும் ஈசி."

நான்காவது நட்டு கிடைக்கவில்லை. அந்த அளவுத் திருகுப் புரியுள்ள நட்டைக் கடையில் வாங்க முடியாது என்று எனக்குத் தெரியும், அந்த ஷாஃப்டின் உதிரிப் பாகங்களுக்காக ஓசூர் கடைகள் எல்லாம் ஏறி இறங்கியவள் நான். மழை ஈரத்தில் மண் குழம்பி, சக்கரத் தடம் நெடுக அமுங்கியிருந்தது. மூன்று நட்டில் ஓட்டலாம் என்றார் அவர். மாட்டேன் என்றேன்.

மனைக்காரர் எங்கள் இருவரையும் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார்.

"எப்படியும் தோண்டற மண்ணுதானே. டேய், அந்த மணல் சலிக்கற சல்லடைய எடுங்கடா. தடத்து மண்ண வாரிப் போடுங்க. தண்ணி விட்டுச் சலிங்க."

வீடு கட்ட வந்தவர்கள் எங்கள் தடத்தை மண்வெட்டியால் வாரி, சாய்த்து நிறுத்திய சல்லடையில் எறிந்தார்கள். நான் குழாயைப் பிடித்தேன். சுண்ணாம்புக் கோடு கரைந்து ஓடியது. கல், ஓட்டுத் துண்டு, யாரோ விட்ட கொலுசுத் திருகு. பிறகு டணக்கென்று ஒரு சத்தம். எல்லோருமே அந்தச் சத்தத்தை அடையாளம் கண்டுகொண்டோம்.

"மேஸ்திரி கூலி உங்க கணக்கு" என்றார் மனைக்காரர்.

நானும் என் கணவரும் அடியில் படுத்தோம். அந்த நட்டை ஒழுங்காக முறுக்க இரண்டு பேர் வேண்டும், ஒருவர் போல்ட் தலையைப் பிடிக்க, மற்றவர் நட்டைத் திருப்ப. இரண்டு வருடத்தில் அந்த லாரியின் அடியில் நாங்கள் ஒரே நேரத்தில் ஒரே நட்டில் கை வைத்தது குறைவு. ஒரு தடவை நான் திருப்பினேன், ஒரு தடவை அவர். ஈர மண் முதுகில் ஊறியது. "போதும்" என்றார். "இன்னும் கால் சுற்று" என்றேன். நான்கு நட்டிலும் பழைய புள்ளியை அழிக்காமல், அதன் பக்கத்தில் எங்கள் புள்ளியை வைத்தேன்.

கிரேன் தெருமுனையில் திரும்பும்போது லாரியின் பின் சக்கரம் மனையை விட்டுத் தார்ச்சாலையில் ஏறிக்கொண்டிருந்தது. ரிசார்ட்காரர் இறங்கி வந்து, இன்ஜின் சத்தத்தில் என்னிடம் ஏதோ கேட்டார். நான் லாரியைக் கைகாட்டினேன். அவர் கிரேன் டிரைவரைப் பார்த்துத் தோளைக் குலுக்கிவிட்டு, செல்லும் லாரியைப் படம் எடுத்துக்கொண்டார்.

ராயக்கோட்டைச் சாலையில் லாரி மாட்டுவண்டி வேகத்தில் போனது. லாரியின் காகிதங்களைப் பையில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் பின்னாலேயே போனேன். முந்திப் போகவும் முடியவில்லை, நிம்மதியாகப் பின்தொடரவும் முடியவில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் குனிந்து அந்த ஷாஃப்டைப் பார்த்தேன். ஹாரன் இல்லாததால் அவர் ஜன்னலுக்கு வெளியே கையை விட்டுக் கதவைத் தட்டிக்கொண்டே போனார்.

ஷெட்டுக்கு முன்னால் லாரி நின்றது. இன்ஜின் நிற்கவில்லை. கைப்பிரேக் பிடிக்காததால் அவர் கால் பிரேக்கை மிதித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஏளா, வந்து இதை நிறுத்து!"

மனைக்காரர் தன் பைக்கை நிறுத்திவிட்டு வந்தார். "ஓடாதுன்னு இருந்துச்சி. இப்ப நிக்காதுங்கறீங்களா?"

பானெட் பக்கம் போனேன். கொக்கிக்குக் கை நீட்ட வேண்டியதுதான். நீட்டவில்லை. இனி ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் இங்கே வர முடியும். பஸ் இறங்கி ஓடிப்போய்ப் படிக்க வீட்டுக்குப் பின்னால் இனி எதுவும் இருக்காது.

"ஒரு நிமிஷம் இருங்க" என்று கத்திவிட்டு, ஸ்கூட்டர் டிக்கியிலிருந்து சாக்பீஸை எடுத்தேன். இடது கதவில், மீதி என்று எழுதி, அதற்கடியில் முதல் வரியாக "இன்ஜினை நிறுத்தும் கேபிள்" என்று எழுதினேன். கதவு அதிர்ந்துகொண்டிருந்ததில் ஒவ்வோர் எழுத்தும் நடுங்கி விழுந்தது. ஆனாலும் படிக்க முடிந்தது.