பூட்டு வந்த லயமும் கர்த்தர் தந்த காவலும்

சகோதர சகோதரிகளே, எங்கள் லயத்தில் பூட்டு வந்த பிறகுதான் திருட்டு பெருகியது. சிரிக்காதீர்கள். அந்தத் திருட்டுப் பழி என் தலையில் விழுந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் தெரணியகலைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிள்ளைமடுவத்து ஆயா. தாய்மார் ரப்பர் மரத்தில் பால் வெட்ட மலைக்குப் போகும்போது அவர்களுடைய கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. என் வீட்டுக்காரர் தேவசகாயமும் பால் வெட்டுகிறவர்தான். ரப்பர் விலை விழுந்து, தோட்டம் தோட்டமாக ஆட்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்த வருஷம் அது. வேலை போனால் போனதுதான்.

அதற்கு முன்பெல்லாம், வரிசையாக ஒட்டிக் கட்டின லயத்து அறைகளில் அவரவர் காம்பராக் கதவைக் கயிற்றால் கட்டிவிட்டுப் போவோம். பகலில் லயத்தில் யார் இருக்கிறாரோ அவர் எல்லா வாசலையும் பார்த்துக்கொள்வார். பிறகு இரண்டு கோழிகள் காணாமற்போயின. உடனே அறிவு சொல்ல வந்தார் வேலாயுதம். அவர் தோட்டத்து ஆட்களையெல்லாம் மேய்க்கிற பெரிய கங்காணியின் மச்சினன். என்ன வேலை என்று கேட்டால், மச்சினனாக இருப்பதுதான் வேலை. கொழும்பிலிருந்து ஒரு பெட்டி நிறையப் பித்தளைப் பூட்டு கொண்டுவந்து வீட்டுக்கு வீடு விற்றார். பெரிய கங்காணி தம் வீட்டிலும் ஒன்றைத் தொங்கவிட்டார். எங்கள் சனத்துக்குக் கேட்க வேண்டுமா? ஓட்டைத் தட்டும் கிழிந்த பாயும் இருக்கிற வீட்டுக்கெல்லாம் பூட்டு. சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு துரைசானி மாதிரி நடந்தார்கள். நானும் ஒன்று வாங்கினேன்.

அன்றிலிருந்து எவரும் எவருடைய வாசலையும் திரும்பிப் பார்க்கவில்லை. "அவங்க வீடு அவங்க பூட்டு" என்று ஆகிவிட்டது. "என் சகோதரனுக்கு நான் காவலாளியோ" என்று ஆதியிலே காயீன் சொன்ன பதில் இதுதானே? அவனாவது கொலை செய்துவிட்டுச் சொன்னான். எங்கள் சனம் கஞ்சி குடித்துவிட்டுச் சொன்னது.

பிறகு பானை போனது, சேலை போனது. கடைசியாகப் பெரிய கங்காணி வீட்டு வெள்ளிச் செம்பே போனது. பூட்டு பூட்டியபடி இருந்தது. பகலில் லயத்துப் பக்கம் இருக்கிற பொம்பிளை யார்? ஆயா. முடிந்தது வழக்கு. பெரிய கங்காணியின் மூளை அவ்வளவு தூரம்தான் ஓடும்.

வெள்ளிக்கிழமை மாலை ஒரு மந்திரக்காரரைக் கூட்டிவந்தார்கள். எல்லாரும் மந்திரித்த அரிசியை மென்று துப்ப வேண்டுமாம். யார் துப்புவது காய்ந்து விழுகிறதோ அவர் கள்ளராம். பெரிய கங்காணி முறைத்துக்கொண்டு நின்றால் எவனுக்குத்தான் வாய் காயாது? நான் மாட்டேன் என்றேன்.

"ஏன், பயமா?" என்றார் பெரிய கங்காணி.

"பயமில்லைங்க. நான் கர்த்தரக் கும்பிடுறவ. மந்திரிச்சது எதையும் வாயில வைக்க மாட்டேங்க."

"அப்ப நீதான் கள்ளி. ஞாயித்துக்கிழமைக்குள்ள புருஷன், புள்ளைங்களோட லயத்தக் காலி பண்ணு. பத்துச்சீட்டும் கெடையாது."

கணக்குத் தீர்த்துக் கொடுக்கிற அந்தப் பத்துச்சீட்டு இல்லாமல் போனவரை எந்தத் தோட்டத்திலும் சேர்க்க மாட்டார்கள். மூன்று பிள்ளைகளோடு நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான். என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. நான் பெற்றெடுக்காத குறையாகப் பார்த்துக்கொண்ட குழந்தைகளின் தாய்மாரெல்லாம் தலையைக் குனிந்துகொண்டார்கள். பக்கத்துக் காம்பரா முத்தாயி கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுப்படியில் முழங்காலிட்டேன். அழகான ஜெபம் எதுவும் வாயில் வரவில்லை. "ஆண்டவரே, இந்த மூடர்கள் கையில் என்னை விடாதேயும்" என்று அழுதேன். அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை மடுவத்து வாசலில் நின்றபோது முத்தாயியின் காம்பராவிலிருந்து புகை வந்தது. அடுப்பை அணைக்காமல் போயிருக்கிறாள். அடுப்புக்கு மேலே காயவைத்த விறகில் தீப்பிடித்துவிட்டது. வெளியே பெரிய பூட்டு. எனக்குத் துணையாக மடுவத்தில் இருந்த சின்னப் பெண்ணிடம் குழந்தைகளை விட்டுவிட்டு ஓடினேன். உதைத்தும் கதவு அசையவில்லை. என்ன செய்கிறேன் என்று தெரியாமல் என் சாவியை அந்தப் பூட்டில் போட்டுத் திருகினேன். திறந்துகொண்டது.

தண்ணீரைக் கொட்டித் தீயை அணைத்தேன். கை வெந்துபோனது. கரியும் ஈரமுமாக வெளியே வந்தால், எதிரே பெரிய கங்காணி. பின்னால் மலையிலிருந்து ஓடிவந்த சனம்.

"பாத்தீங்களா! பூட்டின கதவத் தொறந்துட்டா! இன்னும் என்ன சாட்சி வேணும்?"

ஆண்டவரே, இதுதானா உம்முடைய பதில் என்று உள்ளுக்குள் கேட்டேன். வேலாயுதம் மட்டும் மெதுவாகப் பின்வாங்கினார். அதை அப்போது ஒருவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முத்தாயி நனைந்த காம்பராவைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். தன் சாவியை எடுத்து என் கதவில் போட்டாள். திறந்தது. அடுத்த கதவும் திறந்தது. விறுவிறுவென்று நடந்து போய்ப் பெரிய கங்காணி வீட்டுக் கதவில் போட்டாள். அதுவும் திறந்தது.

"பெரியய்யா, அப்ப நானும் கள்ளிதானுங்க" என்றாள். "நீங்களும் ஒங்க சாவியப் போட்டுப் பாருங்க. ஒங்க மச்சினன் வீட்டுலேர்ந்து தொடங்குவோமா?"

பெட்டி நிறைய ஒரே சாவிக்குத் திறக்கிற பூட்டு! விற்ற மகாபுத்திசாலி தன் காம்பராவுக்கும் அதில் ஒன்றையே போட்டிருந்தார். திறந்து பார்த்தால் கட்டிலுக்கடியில் பானைகள், சேலைகள், வெள்ளிச் செம்பு. ஆளைத் தேடினால் எஹலியகொடைப் பக்கம் ஓட்டம். இத்தனை நாளாக ஒருவராவது அடுத்தவர் கதவைத் தொட்டுப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும். யார் தொட்டார்கள்?

பெரிய கங்காணி என்னிடம் மன்னிப்புக் கேட்டார் என்று நினைக்கிறீர்களா? அவருடைய தலைப்பாகை அதற்கு இடம் கொடுக்கவில்லை. "சரி சரி, இருந்துக்க" என்றார். மறுநிமிஷமே, வேலாயுதத்தின் பெஞ்சாதியையும் குழந்தையையும் வெளியே தள்ளச் சொன்னார். சொந்தத் தங்கச்சி! எனக்கு ஆத்திரம் வந்தது.

"அந்தப் புள்ள எங்கிட்டதான் வளருதுங்க. தாயும் புள்ளயும் போனா நாங்களும் போறோம்" என்றேன்.

என் வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து நின்றார். முத்தாயியும் வந்தாள். பிறகு லயமே வந்தது. பெரிய கங்காணி அவளை விட்டுவிட்டுப் போய்விட்டார். திருடினவன் கையால் உழைத்து இல்லாதவனுக்குக் கொடுக்கட்டும் என்றுதானே வேதம் சொல்லுகிறது? புருஷன் ஓடிவிட்டான், உழைக்க அவள் இருக்கிறாள். இப்போது அவள் பால் வெட்டுகிறாள்.

நெகேமியா காலத்தில் எருசலேமின் மதிலை அவரவர் வீட்டுக்கு எதிரே அவரவர் கட்டினார்கள், ஆனால் எக்காளம் ஊதினால் எல்லாரும் ஒரே இடத்துக்கு ஓடிவந்தார்கள். நாங்களும் அப்படித்தான் முறைவைத்து லயத்தைப் பார்க்கிறோம். அதற்குப் பிறகு ஒரு கோழிகூடப் போகவில்லை. கர்த்தருக்கே ஸ்தோத்திரம். அவர் என் குடும்பத்தைத் தெருவில் விடவில்லை.

சபையிலும் சிலர் இருக்கிறார்கள். தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, "ஆண்டவரே, என் வீட்டைக் காத்தருளும்" என்று ஜெபிக்கிறார்கள். பக்கத்து வீட்டில் கூக்குரல் கேட்டால் சத்தத்தைக் கூட்டி ஜெபிக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லுகிறேன், கர்த்தரை நம்புங்கள், அவர் காப்பார். உங்களைக் காக்கத்தான் பக்கத்து வீட்டில் ஒருத்தியை வைத்திருக்கிறார். அவள் பேராவது உங்களுக்குத் தெரியுமா?