பொடியா, பத்தியமா

கோதுமை ஆகாது என்று திருப்பதி டாக்டர் சொன்னபோது செங்கல்வராயன் அதை நோயாக எடுத்துக்கொள்ளவில்லை, அவமானமாக எடுத்துக்கொண்டார்.

நகரிக்குப் பக்கத்தில் நிலமில்லாத வீட்டில் பிறந்தவர். தொண்ணூற்றிரண்டில் லாரி லைசென்ஸ் எடுத்து, பங்காருபாளையத்து மாம்பழத்தை டெல்லிவரை ஏற்றிப்போனார். நாடு கதவைத் திறந்துவிட்டதாகப் பேப்பர்காரர்கள் எழுதிய காலம். அவருக்குத் திறந்தது லாரிக் கதவு. அதையும் எட்டி உதைத்தால்தான் திறக்கும். முதல் பயணத்திலேயே இட்டார்சிக்குப் பக்கத்துத் தாபா ஒன்றில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டார். அதோடு சோறு இரண்டாம்பட்சமாகிவிட்டது. மனைவி அம்சவேணி கல்யாணமான மூன்றாம் மாதமே சப்பாத்தி பழகினாள். அவள் சுட்டது ஒன்றுகூட இட்டார்சி ரொட்டி ஆகவில்லை என்பது இருபத்தைந்து வருஷக் குறை.

ஐம்பதை நெருங்கும்போது ஓயாத வயிற்றுப்போக்கு, ரத்தசோகை. எழுபத்திரண்டு கிலோ ஆள் ஐம்பத்தொன்றுக்கு இறங்கினார். வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், சீலியாக் என்றார். கோதுமையில் இருக்கும் குளூட்டன் உள்ளே போனால் இவர் உடம்பே இவர் குடலைப் புண்ணாக்கும். மருந்து கிடையாது. கோதுமை, மைதா, ரவை ஆயுளுக்கும் கூடாது.

"இதை வடக்கேதான் அதிகம் பார்க்கிறோம், உங்களுக்கு எப்படி?"

"நேஷனல் பர்மிட் சார்" என்றார் செங்கல்வராயன்.

டாக்டர் பேச்சை அவர் எல்லோரும் கேட்கிற அளவுக்குத்தான் கேட்டார். வீட்டில் சோறு, டீக்கடையில் யாரும் பார்க்காமல் ஒரு பன். உடம்பு தேறவில்லை.

அப்போதுதான் ரமணா வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினார். பதினைந்து வருஷம் இவரோடு மாற்றி மாற்றி வண்டி ஓட்டியவர், இவரை மச்சான் முறையில் 'பாவா' என்பவர். வீடியோவில் வெள்ளை ஜிப்பாக்காரர் ஒருவர், நாற்பத்தெட்டே நாளில் குளூட்டன் தொல்லை வேரோடு போகும் என்று தெலுங்கில் சத்தியம் செய்தார். மூலிகைப் பொடி. குணமான பெண்மணி ஒருத்தி கண்ணீரோடு பூரி தின்று காட்டினாள்.

ரமணா போனில் வந்தார். "பாவா, அஞ்சு லட்சம் பேரு பாத்துக்கீறாங்க. பொய்யின்னா இத்தினி பேரு பாப்பாங்களா?"

"லாரி கவுந்தாகூடத்தான் ஆயிரம் பேரு பாக்கறான்" என்றாள் அம்சவேணி. அவளும் வேறொரு வீடியோவைப் பார்த்து முழங்காலில் எருக்கிலை கட்டிக்கொண்டுதான் இதைச் சொன்னாள்.

பொடி கூரியரில் வந்தது. கூடவே பத்தியம் அச்சடித்த ஒரு தாள். அன்றிலிருந்து செங்கல்வராயன் வேறு மனிதர். டாக்டர் சொன்னதை மீறலாம். பத்தியத்தை மீறினால் மருந்து முறிந்துவிடும் அல்லவா? பன் நின்றது. தனிச் சட்டி, தனிக் கரண்டி. சொந்தக்காரக் கல்யாணத்தில் சேமியா பாயசத்தை இலையிலேயே வாங்கவில்லை. நாற்பத்தெட்டாம் நாள் நாலு கிலோ ஏறியிருந்தார். ரத்தப் பரிசோதனையில் நோயின் அளவைக் காட்டும் எண் பாதிக்கும் கீழே வந்திருந்தது.

"ஞாயித்துக்கெழம, நாம வண்டி நிறுத்தற நாயுடுபேட்டை தாபா. ரொட்டி" என்று ரமணாவுக்குச் சொல்லிவிட்டார்.

அம்சவேணி அந்தத் தாளை எடுத்தாள். எட்டாவதுவரை தெலுங்கில் படித்தவள்.

"இன்னாய்யா, பத்தியம் இன்னான்னு போட்டுக்கீறான்?"

"கோதுமை, மைதா, ரவை ஆகாது. அதான் இருந்தேனே."

"டாக்டரு இன்னா சொன்னாரு?"

செங்கல்வராயன் ஃபேனைப் பார்த்தார்.

"ஒனக்குப் பொடி கேட்டுச்சா, பத்தியம் கேட்டுச்சா?"

"ரெண்டுந்தான்."

"வண்டி சூடாவுதுன்னு ரேடியேட்டரையும் மாத்தி, முன்னாடி எலுமிச்சம்பழத்தையும் கட்டினா, எதுல சரியாச்சும்ப?"

எலுமிச்சம்பழம் கட்டாமல் ஒருநாளும் வண்டி எடுத்திராதவர் பட்டென்று சொன்னார்: "ரேடியேட்டர்லதான்."

சொன்ன பிறகுதான் யோசித்தார்.

"அப்ப அந்தம்மா பூரி துன்னுச்சே?"

"துன்னதக் காட்டினான். மூணு மாசம் கழிச்சு அவ ரத்தத்தக் காட்டினானா?"

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை போனார். போகாவிட்டால் ரமணா கோபித்துக்கொள்வார் என்பது காரணம். நெஞ்சுக்குள் வேறு காரணம் இருந்தது. தாபாவில் இப்போது கண்ணாடி போட்டு, ஏசி வைத்து, கட்டிலை எல்லாம் தூக்கியிருந்தார்கள். ரொட்டி மட்டும் பழைய மாதிரியே, ஓரத்தில் கருகி, ஆவி பறக்க வந்தது.

"ஒண்ணே ஒண்ணு, பாவா. அதான் கொணமாச்சே."

செங்கல்வராயனின் கை மேஜைமேல் பாதி தூரம் போனது. தட்டைத் தொட்டு, ரமணா பக்கமாக நகர்த்திவிட்டது.

"கொணமாவல. பத்தியத்துல கீறேன்."

"இன்னும் எத்தினி நாளு?"

"நாளு போடல" என்றவர், சர்வரைக் கூப்பிட்டு வெறுஞ்சோறும் தயிரும் கேட்டார். பிறகு ரமணா மெல்லுவதையே கொஞ்ச நேரம் பார்த்திருந்தார்.

"எப்பிடிக்கீது?"

"உப்பு கம்மி."

"அப்பவும் கம்மிதான்டா" என்றார் செங்கல்வராயன், ரொம்ப திருப்தியாக. "சூடு ஆறிடும், துன்னு."