பன்னிரண்டரை மணித் தலைவலி

சரியாகப் பகல் பன்னிரண்டரைக்குத் தலைவலி வந்துவிடுகிறது. வேங்கிக்காலில் அக்கா வீட்டுக்கு வந்து பத்தொன்பது நாளாகிறது. பத்தொன்பது நாளும் நாட்குறிப்பில் அதே நேரம்தான். பின்லாந்தில் நான் வேலை செய்யும் கிடங்கில் அப்போது மணி ஒன்பது, முதல் காபி இடைவேளை. பாலில்லாத கறுப்புக் காபி, நாளுக்கு ஆறு கோப்பை. ஊர் மாறியது என் தலைக்கு இன்னும் தெரியவில்லை.

"சோறு துன்ற நேரத்துல காபி கேக்கறியே, இன்னாடா பழக்கம் இது?" என்கிறாள் அக்கா. திட்டிக்கொண்டே போட்டும் தருகிறாள், சர்க்கரை தூக்கலாக.

இந்த ஆறு வார விடுப்புக்குள் இரத்தச் சர்க்கரை இறங்காவிட்டால் ஊசிதான் என்று அங்குள்ள மருத்துவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். அதனால் வாயில் போடும் ஒவ்வொன்றையும் எழுதி வைக்கிறேன். எழுதுவதால் எதுவும் குறையவில்லை.

அங்கே போன முதல் வருடம், உடன் வேலை செய்த ஒருவர் தன் பிறந்தநாளுக்குக் கேக் நீட்டினார். இன்னொரு முறை கேட்டால் எடுத்துக்கொள்ளலாம் என்று, நம் வழக்கப்படி, "வேண்டாம்" என்றேன். "ஓகே" என்று தட்டை அடுத்தவரிடம் நகர்த்திவிட்டார். அவர் அறிந்த மரியாதை அது. அன்று மாலை அறைக்குப் போய், மூன்று பேருக்கான சோற்றை வடித்து, நின்றபடியே தின்று தீர்த்தேன். இன்னும் கொஞ்சம் என்று சொல்லவும் ஆளில்லை, போதும் என்று சொல்லவும் ஆளில்லை. அந்தப் பழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டது.

பௌர்ணமியன்று விடிந்ததும் கிரிவலம் கிளம்பினேன். பதினான்கு கிலோமீட்டர் நடந்தால் ஏதாவது குறையும் என்று நினைப்பு. வழியெல்லாம் அன்னதானம் நடக்கும் என்பதை இந்த ஊரில் பிறந்த நான் எப்படி மறந்தேனோ! செங்கம் சாலையிலேயே ஓர் அம்மா தொன்னையில் சர்க்கரைப் பொங்கலை நீட்டினார்.

"வேணாம்மா, எனக்குச் சுகர்."

"அப்டியா? அப்ப புளிசோறு ரெண்டு கரண்டியா வாங்கிக்குங்கண்ணா. எம் பொண்ணுக்கு நல்லபடியா பொறக்கணும்னு வேண்டிக்கினது. வேணாம்னுட்டுப் போவாதீங்க."

வாங்கிக்கொண்டேன். அடுத்த பந்தலிலும் அப்படித்தான். மூன்றாவதிலிருந்து யாரும் வற்புறுத்தவில்லை. நானே கை நீட்டினேன். அதையும் எழுதியிருக்கிறேன்.

"நடந்தது கம்மி, துன்னது ஜாஸ்தி" என்று அக்கா குறிப்பைப் படித்துச் சிரித்தாள். இரண்டு நாள் கழித்துப் பரிசோதனைத் தாளைப் படித்தபோது சிரிக்கவில்லை. சர்க்கரை ஏறியிருந்தது.

அன்று பன்னிரண்டரைக்கு அரை டம்ளர் காபி வந்தது, சர்க்கரை இல்லாமல். எதிரில் உட்கார்ந்து, அவளும் அதையே முகம் சுளித்துக் குடித்தாள். பிறகு என் தட்டில் ஒரு கரண்டி சோறு வைத்துவிட்டுப் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"போதும்டா."

இன்னும் மூன்று வாரத்தில் திரும்ப வேண்டும். அங்கே ஒன்பது மணிக்கு எல்லோரும் கறுப்புக் காபியை எடுக்கும்போது என் வயிறு சோறு கேட்கும், அக்காவின் ஒரு கரண்டிச் சோறு. வேங்கிக்காலில் அப்போது மணி பன்னிரண்டரை.